அப்பா படியெடுத்த பட்ஜெட்டுகள்

அக்கா வேலை பார்த்த அறைக்குள் நான் முதன்முதலாகப் போனது அவளுடைய சோற்றுத்தூக்கைக் கொடுப்பதற்காக. காலையில் அவள் அதை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அம்மா செத்துப்போன மறு வருஷம் அது. நான் தெற்கே மீன்படகில் ஒரு பருவம் வேலை செய்துவிட்டு, கையில் ஆறாத புண்ணோடு பசுந்தாங் வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை, ஆனால் என்னை யாரும் அதற்காகப் பாவம் என்று சொன்னதில்லை.

அது அரசாங்கத்தின் பட்ஜெட் ஆபீஸ். வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கட்டடம். வாசலில் நின்ற காவல்காரன் என் லுங்கியையும் ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கணும்?" என்று பர்மா பாஷையில் கேட்டான்.

"ரிக்கார்டு ரூம் கலாமாவை" என்றேன். எங்கள் தமிழாட்களில் ஆணைக் கலா என்றும் பெண்ணைக் கலாமா என்றும் அவர்கள் இளக்காரமாகக் குறிப்பிடுகிற சொல் அது. அதை நானே சொன்னதும் சிரித்துக்கொண்டு வழிவிட்டான்.

அறை படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது. கூரை வரைக்கும் தேக்கு அலமாரிகள். தட்டுத் தட்டாகத் துணியில் சுற்றி நாடா போட்ட காகிதக் கட்டுகள். காற்றே வராது. நான் கப்பல்களின் அடித்தட்டில் மூட்டை அடுக்கியிருக்கிறேன், அங்கே இதைவிடக் காற்று உண்டு.

"தூக்கைக் கீழ வெக்காதடா, எறும்பு வரும்" என்றாள் அக்கா. பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கையக் கழுவிட்டு வா. ஒண்ணு காட்டறேன்" என்றாள்.

மூலை அலமாரியிலிருந்து ஒரு கட்டை இறக்கி மேஜையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். நீளமான தாள்கள், ஓரம் பழுத்திருந்தது. நீலக் கறுப்பு மையில் வரிசை வரிசையாக எழுத்தும் எண்ணும். இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது.

"இது அந்தாளு எழுதுனது" என்றாள்.

அந்தாளு என்றால் எங்கள் அப்பா. எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். வெள்ளைக்காரன் போய் முதல் அரசாங்கம் வந்த காலத்தில் அவர் இதே ஆபீஸில் நகல் குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து நல்ல கையெழுத்து வாங்கிக்கொண்டவர். ஒவ்வொரு இலாகாவும் வரும் வருஷத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று அனுப்பிய மதிப்பீட்டை இந்தக் குமாஸ்தாக்கள் கையால் படியெடுத்து வைப்பார்கள். பிறகு ராணுவம் வந்து கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட சமயத்தில், நம் ஆட்கள் பலருக்குச் சர்க்கார் வேலையும் போயிற்று. அப்பா சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினார். ஊரில் ஓர் இடம் பார்த்துவிட்டு எல்லாரையும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். அக்காவுக்கு ஒன்பது வயது. நான் அம்மா வயிற்றில். சில மாதம் கழித்து, அவருடைய ஊர்க்காரர் ஒருவருக்கு வந்த கடிதத்தில், அங்கே அவருக்கு முன்பே ஒரு குடும்பம் இருக்கிற சங்கதி தெரிந்தது. அம்மா அவருடைய சட்டை, காகிதங்கள், கல்யாணப் படம் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தாள். சட்டை ஈரமாக இருந்ததால் சரியாக எரியாமல் வீடெல்லாம் புகை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் வர வர மறந்துகொண்டிருந்தது.

அவளை இந்த ஆபீஸில் சேர்த்துவிட்டது அப்பாவோடு வேலை பார்த்த பர்மாக்காரர் ஒருவர். பத்தாம் வகுப்பு முடித்தவள் வீட்டில் இருக்கிறாளே என்று அம்மா போய் அழுதிருக்கிறாள். பெருக்கத் துடைக்க என்றுதான் எடுத்தார்கள். தூசி தட்டும்போது ஒரு தாளில் அக்கா அந்த நாலைப் பார்த்தாள். அப்பா நாலு என்ற எண்ணைப் பாய் விரித்த படகு மாதிரி எழுதுவாராம். அவளுக்குச் சிலேட்டில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். தாளின் அடியில், படியெடுத்தவர் என்று போட்டு அவருடைய முதலெழுத்துகளும் இருந்தன. பக்கத்தில், ஒப்புப் பார்த்தவர் என்று வேறு யாருடையதோ. அப்படி எழுத வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதனால்தான் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. முதல் சில வருஷங்களின் கட்டுகளில் பாதிக்கு மேல் அவர் கை.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

விரல் வைத்து மெதுவாகப் படித்துச் சொன்னாள். ஒரு ஆற்றில் படகுத்துறை மராமத்து. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொய்னா மாத்திரை. ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை.

"எல்லாம் கட்டுனாங்களா?"

"அது எப்படித் தெரியும்? இது செலவு பண்ணின கணக்கு இல்லடா. பண்ணலாம்னு நெனச்ச கணக்கு."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல எழுத்து என்று மட்டும் நினைத்தேன். பசித்தது. தூக்கில் அவள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை நான் தின்றுவிட்டு வந்தேன்.

அவளுக்கு அந்தக் கட்டுகள் எப்படி என்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா இருந்தபோதே, எண்பத்தெட்டில் ஊரே கொதித்துக் கிடந்து ஆபீஸ்கள் எல்லாம் மூடியிருந்த மாதங்களில், மழையில் அந்த மூலை ஒழுகும் என்று இவள் பசுந்தாங்கிலிருந்து நடந்து போயிருக்கிறாள். காவல்காரனிடம் கெஞ்சி உள்ளே போய், வீட்டு மேஜை மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டுகள் மேல் போட்டுவிட்டு வந்தாளாம். அந்தச் சமயம் நான் எல்லைப்பக்கம் மரம் இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அதைத்தான் முதலில் சொன்னாள். "துப்பாக்கி சத்தம் கேக்குது, இவ காகிதத்துக்குக் குடை புடிக்கப் போறா."

வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அக்கா சந்தனக் கிண்ணமும் குங்குமமும் ஆபீஸுக்கு எடுத்துப் போவாள். முதல் வருஷங்களின் கட்டுகளுக்கு மட்டும் துணியின் மேல் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு வைப்பாள். பூச்சி அரிக்கிறது என்று இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சொந்தத் துணியில் புது உறை தைத்துப் போடுவாள், பழைய பொட்டு பழைய துணியோடு போய்விடும். ஊரில் இருந்த வருஷங்களில் நானும் கடலைச் சுண்டல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். பர்மாக்காரக் குமாஸ்தாப் பெண்கள் அறை வாசலில் கூடிவிடுவார்கள்.

"அமா, இந்த வருஷம் உங்க சாமிக்கு பட்ஜெட்டை வெட்டிட்டாங்களா? கடலை கம்மியா இருக்கே" என்பாள் ஒருத்தி. அமா என்றால் பர்மா பாஷையில் அக்கா.

"எஸ்டிமேட்தான் போட்டிருக்கு. சாங்ஷன் ஆனதும் மிச்சம் வரும்" என்பாள் அக்கா.

அந்தப் பிரிவுக்கு அதிகாரியாக இருந்த அம்மாளை எல்லாரும் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்பார்கள். அவரும் வந்து கை நீட்டுவார். அந்த அம்மாள் பகோடாவுக்குப் போய்த் தங்கத்தாள் ஒட்டுகிறவர். எங்கள் பொட்டையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார். கட்டுகளில் அக்காவின் அப்பா கை இருப்பது அவருக்குத் தெரியும். ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு தலைநகரத்தை வடக்கே காட்டை வெட்டிக் கட்டிய புது ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வந்தது. நான் அப்போது அலோன் துறையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அக்கா வந்து சொன்னபோதுதான் நம்பினேன்.

"எல்லாக் காகிதத்தையும் தூக்கிட்டுப் போக மாட்டாங்களாம். வேணுங்கறத மட்டும் லாரியில ஏத்தணும். மிச்சம் எடைக்குப் போட்டுடணும்."

"நம்மளது?"

"சயாமா போகும்னுதான் சொல்றாங்க."

"எதுக்கு வம்பு? ஒரு தாளை உருவி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுட்டு வாயேன். ஒரே ஒரு தாளு. இல்லாட்டி நான் வர்றேன், நான் எடுத்துத் தர்றேன்."

கையிலிருந்த கரண்டியை என் பக்கம் ஓங்கினாள். "சர்க்கார் காகிதம்டா அது. வாசல்ல சோதனை போடறான். மாட்டினா மத்தவளுக்கு வேலை போகும். எனக்கு? நம்ம கார்டு என்ன கலர்னு மறந்து போச்சா உனக்கு?"

நாங்கள் முழுப் பிரஜைகள் இல்லை என்பதால் எங்கள் அடையாள அட்டை மற்றவர்களுடைய நிறத்தில் இல்லை. அந்த நிறத்தோடு சர்க்கார் வேலையில் இத்தனை காலம் ஒருத்தி தப்பி இருந்ததே பெரிது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுகள் ஒரு கூரையின் கீழ் பத்திரமாக இருக்க வேண்டும், அந்தக் கூரையின் கீழ் அவளும் இருக்க வேண்டும். புது ஊருக்குப் போக ஆபீஸில் எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோது இவள் மட்டும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

சயாமாவும் அவளும் பல நாள் உட்கார்ந்து பிரித்தார்கள். போக வேண்டியவை அலமாரியில். பென்சில் வாங்கிய சீட்டு, டீக்கடை பில், விளக்கு மாற்றிய ரசீது மாதிரி எடைக்குப் போட வேண்டியவை ஜன்னலோரம் தரையில். முதல் வருஷங்களைப் பற்றி மேலதிகாரி ஒருவர் கேள்வி கேட்டதற்கு சயாமா, "பிறந்த ஜாதகத்தை யாராவது எடைக்குப் போடுவார்களா?" என்று சொன்னாராம். பர்மாக்காரர்களுக்கும் ஜாதகம் என்றால் ஓலையில் எழுதிப் பெட்டியில் வைக்கிற பொருள்தான். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். அக்கா இதை வீட்டில் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள்.

சயாமா முதல் கூட்டத்தோடு ஒரு அதிகாலையில் புறப்பட்டுப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா குளித்துவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். பயணம் போகிற பெட்டிக்கும் புது வண்டிக்கும் பொட்டு வைத்து அனுப்புகிறவர்கள்தானே நாம். முதல் வருஷங்களின் கட்டுகள் ஒவ்வொன்றுக்கும் நடுத்துணியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாளாம். லாரியில் குலுங்கி அழிந்துவிடக் கூடாது என்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறாள்.

சாமான் ஏற்றுகிற நாள் திங்கட்கிழமை. அலோனிலிருந்து எங்கள் ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்கு மேல்மாடியின் இரும்புப் பெட்டிகள். கீழே காகிதம் தூக்க வேறொரு கூட்டம் வந்திருந்தது.

"என்னடா இந்தக் கனம் கனக்குது, உள்ள தங்கம் இருக்கா?" என்றான் என்னோடு பெட்டியைப் பிடித்தவன்.

"பட்ஜெட் ஆபீஸ்ல தங்கம் ஏதுடா. தங்கத்தோட கணக்குதான் இருக்கும்" என்றார் எங்கள் மேஸ்திரி. "பேசாம எறக்கு. காலு மேல போட்டுக்கிட்டா அதுக்கு பட்ஜெட் இல்ல."

அக்கா அன்று அறையில் இல்லை. புது ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் படமும் அட்டையும் கொண்டு வேறு கட்டடத்தில் வரிசையில் நிற்க வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்திருந்தது. அறைச் சாவியைப் புதிதாக வந்த ஒரு இளம் அதிகாரியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். போக வேண்டியது அலமாரி, கழிவு ஜன்னலோரம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவளுடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அவள் முறை கடைசியாகிவிட்டது. சாயங்காலம் திரும்பியபோது அறை சுத்தமாகக் காலி. நான் கைகால் கழுவிக்கொண்டு அங்கே போனேன். வெற்று அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "எல்லாம் ஏறிடுச்சுடா" என்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா சேமியா வாங்கிக் கொடுத்தாள். கூட ஒரு முட்டை போடச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அலோன் துறைக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. ஆபீஸ் செருப்போடு சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் மூட்டையோடு பலகையில் இறங்கியபோதுதான் பார்த்தேன்.

"சயாமா போன் பண்ணினாங்க" என்றாள். "பென்சில் சீட்டெல்லாம் வந்திருக்காம். டீக்கடை பில்லெல்லாம் வந்திருக்காம். நம்ம கட்டு வரலையாம்."

மூட்டையைப் போட்டுவிட்டு அவளோடு போனேன். எடைக்கு எடுத்த குத்தகைக்காரனைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆயிற்று. எல்லாம் ஷ்வேப்யிதாவில் ஒரு அட்டைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது என்றான். வடக்கே போகிற பஸ்ஸில் இடம் இல்லை. படியில் நின்றுகொண்டு போனோம். அவள் வழியெல்லாம், "உடனே போட்டுட மாட்டாங்க. அடுக்கித்தான் வெச்சிருப்பாங்க. அவ்வளவு காகிதத்த ஒரு நாள்ல எப்படிப் போடுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான், ஆமாம் ஆமாம் என்றேன். தொழிற்சாலைகளில் நான் வேலை செய்திருக்கிறேன். லாரி வந்த அன்றே இறக்கி உள்ளே தள்ளினால்தான் கூலி.

தொழிற்சாலை என்றால் தகரக் கொட்டகை. சிமெண்டுத் தொட்டிகளில் காகிதம் ஊறிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மேற்பார்வை ஆள் எங்களைப் பார்த்து எழுந்திருக்கவே இல்லை. அக்கா விஷயத்தைச் சொன்னதும், கடைசித் தொட்டியைக் காட்டினான்.

"முந்தாநாளே போட்டாச்சு. பழங்காலத்துக் காகிதம், லேசில் ஊறவில்லை. சோடாவை இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியதாயிற்று" என்றான்.

தண்ணீர் நீலக் கறுப்பாக இருந்தது. மேலே நுரை. அக்கா சுவரில் சாய்த்திருந்த மூங்கிலை எடுத்துக் கலக்கினாள். சாம்பல் நிறக் கூழ் ஏறி வந்து வழிந்தது. நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். அடியில் கெட்டியாக ஏதாவது இருக்கும், நடுத்தாள் ஒன்று நனையாமல் இருக்கும் என்று நினைத்தேன். தொடை ஆழம். இரண்டு கையாலும் துழாவி அள்ளி அள்ளி அவளிடம் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். சில துண்டுகளில் கோடு இருந்தது. எழுத்து இல்லை.

"யோவ் கலா, ஏறு மேலே! குப்பைக்குப் போய்ப் பிணம் தேடுகிறவன் மாதிரி தேடுகிறாயே" என்று மேற்பார்வை ஆள் கத்தினான்.

பின்னால் சமையல் செய்துகொண்டிருந்த அவன் பெண்சாதி வந்து அவனைத் திட்டினாள். "வாயைக் கழுவு. அந்த அக்கா முகத்தைப் பார்த்துப் பேசு." பிறகு என்னிடம், "ஏறிவிடு தம்பி, சோடா போட்டிருக்கிறது, கால் வெந்துவிடும்" என்றாள். ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏறினேன். இரண்டு வாரம் தோல் உரிந்தது.

அக்கா அந்த ஆளிடம், ஏன் இந்தக் கட்டுகள் இங்கே வந்தன என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. ஆபீஸில் யாரிடமோ கோப்பு கேட்கிற குரலில் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? அந்தக் கட்டடம் முழுவதும் ஒரே அடையாளம்தான். சிவப்பு வைத்தது கழிவு, வைக்காதது லாரிக்கு. எல்லா அறையிலும் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருந்தார்கள். இந்த அறையில் மட்டும் வட்டமாக வைத்திருந்தார்கள். இதுவும் கழிவுதானே என்று எங்கள் ஆட்கள் கேட்டதற்கு, அந்தச் சின்ன அதிகாரி ஆமாம், சிவப்பெல்லாம் எடு என்றார்." கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த கொடியைக் காட்டினான். "வேண்டுமானால் பார், துணியைப் பிரித்து வைத்திருக்கிறோம்."

அக்கா தைத்த உறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். அலசியிருக்கிறார்கள், எண்ணெயில் குழைத்ததால் போகவில்லை. கொஞ்சம் பரவியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் கொடிக்கு எதிரே நின்றாள். பக்கத்துக் கொட்டகையில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான்டா வெச்சேன்" என்றாள்.

"சிவப்புன்னா கழிவுன்னு உனக்கு யாரு சொன்னா? உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணெய் வேற விட்டுக் குழைச்சேன்."

அந்தப் பெண்சாதி உறைகளை மடித்து எடுத்து வந்து கொடுத்தாள். அக்கா வாங்கவில்லை. பாத்திரம் துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல துணி, சாயம் போகாது என்றும் சொன்னாள்.

சயாமா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. முதல் வருஷங்களைக் கரையான் தின்றுவிட்டது என்று எழுதிக்கொண்டாராம். ஊர் மாறுகிற அமளியில் யாரும் திரும்பக் கேட்கவில்லை. அந்த அரசாங்கம் தன் முதல் வருஷங்களில் என்னென்ன செய்ய நினைத்தது என்பதற்கு வேறு எங்காவது படி இருக்குமோ என்னவோ. இருந்தாலும் அது வேறு ஆள் எழுதியதாகத்தான் இருக்கும்.

பெயர் கொடுத்தாயிற்று, இனி அக்கா போகாமல் இருக்க முடியாது. ராஜினாமாவை யாரும் வாங்கவில்லை. போகிற அன்று பஸ் நிலையத்துக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். இதற்கு முன் எப்போதும் போகிறவன் நான், வாசல் வரை வந்து நிற்கிறவள் அவள். எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"நீ எங்கயும் ஓடிடாதே" என்றாள்.

"எங்க ஓடறேன்?"

"வீட்ட விட்டுடாதடா. வாடகைய நான் அனுப்பறேன். அந்தாளுக்கு அந்த அட்ரஸ்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவர் வெடித்து, தண்ணீர் வராமல், வீட்டுக்காரர் காசு தருகிறேன் காலி செய் என்று சொன்னபோதுகூட நாங்கள் அந்த மூன்றாம் மாடியை விட்டு அசையவில்லை. எல்லாவற்றையும் அடுப்பில் வைத்த அம்மாவும் அசையவில்லை. வறுமையால்தான் என்று நான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் எண்பதைத் தாண்டியிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. சரி என்றேன். பஸ் போயிற்று.

நான் இருந்தேன். என் வாழ்நாளில் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் இருந்தது அப்போதுதான். காலையில் துறை, சாயங்காலம் வீடு. பெரும்புயல் அடித்து ஊரே கிழிந்தபோது எங்கள் பால்கனிக் கூரைத் தகரமும் போயிற்று. வேறு வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடந்த தகரத்தைத் தேடி எடுத்து வந்து நானே அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கடற்கரைப் பக்கம் கட்டட வேலை, கை நிறையக் கூலி, நீயும் வா என்றார்கள். முன்பென்றால் அன்றைக்கே போயிருப்பேன். வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னேன். எந்த ஆள், யாருக்காக என்று அவர்கள் கேட்கவில்லை.

அக்கா ஒரு தடவை தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அங்கே புது ரிக்கார்டு அறையில் இரும்பு அலமாரி, வெளிச்சம், காற்றாடி எல்லாம் இருக்கிறது என்றாள். அந்தப் பென்சில் சீட்டுகள் ஒரு அலமாரியில் இருக்கின்றனவாம். அவற்றுக்கு எண் போட்டு வைத்திருக்கிறாளாம். சரஸ்வதி பூஜை செய்தாயா என்று கேட்டேன். கேட்காதது மாதிரி சோற்றைப் பிசைந்தாள். அப்பாவின் நாலு எப்படி இருக்கும், எழுதிக் காட்டு என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

போன் வந்தது அதற்கு அடுத்த வருஷம், மழைக்காலத்தில். கீழே டீக்கடையில் ஒரு போன் இருந்தது. கடைக்காரர் படியில் நின்று கூப்பிட்டார். இறங்கி ஓடினேன்.

"வீட்டக் காலி பண்ணிடுடா" என்றாள் அக்கா.

"ஏன்?"

"வீட்டுக்காரர் கேக்கறாரு இல்ல? குடுத்துடு. ரிட்டயரானாலும் நான் அங்க வரப்போறதில்ல. இங்கயே ஒரு ரூம் பாத்துட்டேன். சயாமா வீட்டுப் பக்கம்."

"அப்பா வந்தா?" என்று கேட்டேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது.

லைனில் இரைச்சல். போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அந்தாளு எழுதுனதே கூழாப் போச்சு" என்றாள். "ஆளு எங்கேருந்துடா வரும்?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவறியா என்ன? நீ பாத்ததுகூட இல்லையேடா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"காலு இப்ப அரிக்குதா?"

"இல்ல."

வைத்துவிட்டாள். டீக்கடைக்காரர் ஒரு டீயை முன்னால் வைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

உடனே காலி செய்யவில்லை. மாதக் கடைசி வரை வாடகை கட்டியிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த நாட்களில் துறைக்கும் சரியாகப் போகவில்லை. பாயில் படுத்துக் கிடப்பேன். எங்கள் படிக்கட்டு செங்குத்தானது, வயசானவர்கள் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். அப்படி யாராவது கீழே நின்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். மேல்மாடிக் கிழவர் ஒருவர் இருந்தார். மருந்துக்கடைக்காரரின் மாமனார் இருந்தார். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.